எழுவாய் இல்லாத வாக்கியங்கள்

1

எம்.ஏ. இரண்டாம் ஆண்டில் நான் எழுதிய ஆய்வேட்டில் ஒரு வாக்கியம் இருக்கிறது: 'இவ்வொப்பாரிப் பாடல்கள் ஆய்வாளரால் களப்பணியின்போது சேகரிக்கப்பட்டன.' முதலில் நான் எழுதியது வேறு. 'எங்கள் ஊர்க் காலனியில் ஒரு பாட்டி ஆறு நாள் எனக்குப் பாடிக் காட்டினார், நான் எழுதிக்கொண்டேன்' என்று இருந்தது. 'இது கதை எழுதுற எடமில்லப்பா. நான், எனக்கு இதெல்லாம் ஆய்வுல வரக்கூடாது' என்று நெறியாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவருடைய ஆய்வேட்டை யாரோ இப்படித்தான் அடித்திருப்பார்கள். திருத்தியதற்குப் பிறகு பாட்டி பின்னிணைப்பில் 'தகவலாளி எண் 7' ஆனார். பெண், வயது 65, கல்வி இல்லை, தொழில் கூலி. கூடவே சாதி. நான் 'ஆய்வாளர்' ஆனேன். பாடல்கள் சேகரிக்கப்பட்டன.

பைண்டிங் முடிந்து வந்த பிரதி ஒன்றைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். எட்டாவது படித்த பேரன் எழுத்துக் கூட்டி வாசித்தான். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த பாட்டி, 'சேகரிக்கப்பட்டனன்னா என்னா சாமி? நாந்தான பாடுனேன்?' என்றார்.

நான் சிரித்துச் சமாளித்தேன். அறுபத்தைந்து வயதுக்காரி இருபத்திரண்டு வயதுப் பையனை 'சாமி' என்று கூப்பிட்டதும் அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. எங்கள் தெருவில் பிறந்தவனுக்கு அது காதுக்குப் பழகிப்போன சொல். அவர் கேட்டது ஓர் இலக்கணக் கேள்வி, அதுவும் தமிழ் எம்.ஏ. படித்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி என்பது எனக்குப் புரியப் பல வருஷங்கள் ஆயின. அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போவதுதான் இந்தக் கட்டுரை.

2

அரசியலில் மொழி என்றால் நமக்கு உடனே மேடைதான் ஞாபகம் வரும். அடுக்குமொழி, எதுகை மோனை, கைதட்டலுக்காக நிறுத்தும் இடைவெளி. சொல்வன்மை பற்றித் தமிழில் எழுதப்பட்ட பலவும் இந்த மேடையைச் சுற்றியே இருக்கிறது. ஆனால் மேடைப் பேச்சு 'நான் உன்னை மயக்கப் பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே மயக்குவது. கேட்பவன் உஷாராகிவிட முடியும். எந்த அலங்காரமும் இல்லாத வாக்கியங்கள் வேறு இருக்கின்றன. பத்திரிகைச் செய்தி, அரசாணை, போலீஸ் குறிப்பு, ஆய்வேடு ஆகியவற்றின் வாக்கியங்கள். இவற்றில் சொல்வன்மை இருப்பதாக யாரும் நினைப்பதில்லை. அதனாலேயே அவை வலுவானவை.

அவற்றின் வேலை நடப்பது இலக்கணத்தில். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். 'முருகன் மரத்தை வெட்டினான்' என்பது செய்வினை. 'முருகனால் மரம் வெட்டப்பட்டது' என்பது செயப்பாட்டு வினை. இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பார் வாத்தியார். முதல் வாக்கியத்தில் முருகனை எடுத்துவிட்டுப் பாருங்கள். 'வெட்டினான்' என்ற வினைமுற்றில் இருக்கும் 'ஆன்' விகுதி, ஒரு ஆள் இங்கே நின்றான் என்று காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவதில் 'முருகனால்' என்பதை எடுத்தால் 'மரம் வெட்டப்பட்டது' என்று ஒரு முழு வாக்கியம் குறையில்லாமல் நிற்கிறது. வெட்டுப்பட்ட மரமே எழுவாயாகிவிட்டது. வெட்டியவனுக்கு இந்த வாக்கியத்தில் இடமே தேவைப்படவில்லை. மூன்றாம் வேற்றுமை 'ஆல்' உருபோடு அவன் வந்தாலும் வரலாம், வராவிட்டாலும் யாரும் தேடப்போவதில்லை.

இன்னொரு வழியும் உண்டு. தன்வினை, பிறவினை. திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. ஒடுங்கு, ஒடுக்கு. எரிந்தது, எரித்தது. இவற்றில் மெல்லின மெய் இருக்கும் இடத்தில் வல்லின மெய் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மெல்லினத்தில் காரியம் தானாக நடக்கிறது. வல்லினம் வந்ததும் ஒரு ஆள் வந்துவிடுகிறான். 'குடிசை எரிந்தது' என்றால் காற்றைக் காரணம் சொல்லலாம், சமையல் அடுப்பைக் காரணம் சொல்லலாம். 'குடிசையை எரித்தார்கள்' என்றால் அடுத்த கேள்வி 'யார்' என்பதுதான்.

செய்தவரை மறைப்பது தமிழுக்குப் புதிதாக ஆங்கிலத்திலிருந்து வந்த பழக்கம் என்று சிலர் சொல்வதுண்டு. அப்படியும் இல்லை. செயப்படுபொருளே வேலையைச் செய்ததுபோலச் சொல்வது வழக்கில் உண்டு என்று தொல்காப்பியரே அனுமதி தருகிறார். அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. வகுப்பில் இதை மனப்பாடம் செய்தபோது, திண்ணை எப்படித் தன்னைத்தானே மெழுகிக்கொள்ளும் என்று நாங்கள் சிரித்தோம். மெழுகியவள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சாணியைக் கரைத்து, குனிந்து மெழுகிவிட்டுப் போன ஒரு பெண் அந்த இரண்டு சொல்லுக்குள் காணாமல் போயிருக்கிறாள். இலக்கணத்துக்கு அவள் தேவைப்படவில்லை.

3

இதை வைத்துக்கொண்டு நாம் பயன்படுத்தும் பெயர்களைப் பார்க்கலாம். 'தாழ்ந்த சாதி' என்பது தன்வினை. தாழ்ந்திருப்பது அவர்கள் இயல்பு என்கிறது. 'தாழ்த்தப்பட்ட சாதி' என்றதும் அங்கே ஒரு வரலாறு நுழைந்துவிடுகிறது. யாரோ தாழ்த்தியிருக்கிறார்கள். இது லேசான மாற்றமில்லை, இயற்கை என்றிருந்ததைக் குற்றம் என்று மாற்றிய வேலை. 'பின்தங்கிய வகுப்பு' என்பது 'பிற்படுத்தப்பட்ட வகுப்பு' ஆனதும் இதே வேலைதான். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஒரு குற்றச்சாட்டைத் தமிழ் மொழிபெயர்ப்பு சேர்த்திருக்கிறது. ஆங்கிலத்திலேயே அந்தச் சண்டை நடந்திருக்கிறது. அரசாங்கம் 'டிப்ரஸ்ட் கிளாஸஸ்' என்று எழுதிவந்த காலத்தில் எம்.சி. ராஜா 1925இல் தன் புத்தகத்துக்கு 'தி ஒப்ரஸ்ட் ஹிந்துஸ்' என்று பெயர் வைத்தார். அமுங்கிக் கிடப்பவர் என்பதற்கும் அமுக்கப்பட்டவர் என்பதற்கும் இடையில் உள்ள தூரம் அது.

ஆனால் தாழ்த்தியது யார்? 'தாழ்த்தப்பட்ட' என்ற சொல் அந்தக் கேள்வியின் வாசல் வரை வந்து நின்றுவிடுகிறது. 'ஆல்' உருபு விடுபட்டுப் போயிருக்கிறது. அதனாலேயே தாழ்த்தியவர்களின் வாரிசுகளும் கூச்சமில்லாமல் அந்தச் சொல்லைப் பயன்படுத்த முடிகிறது. 'தாழ்த்தப்பட்ட மக்களுக்காக நாம் பாடுபட வேண்டும்' என்று எந்தக் கூட்டத்திலும் பேசலாம், ஒருவர் முகமும் சுருங்காது.

என்னையே எடுத்துக்கொள்கிறேன். என் சாதிச் சான்றிதழில் 'மிகவும் பிற்படுத்தப்பட்டோர்' என்றிருக்கிறது. 1989இல் தமிழக அரசு தனியாகப் பிரித்த பட்டியல். தாசில்தார் கையெழுத்துப் போட்ட அந்தக் காகிதத்தில் நான் செயப்பாட்டு வினை. யாரோ என்னைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். அது பொய்யில்லை. ஆனால் ஊருக்குப் போய் பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் தாத்தா வயதுள்ளவர் தோள் துண்டைக் கையில் எடுக்கிறாரே, அங்கே நான் யார்? அந்த வாக்கியத்துக்கு எழுவாய் எங்கள் தெரு. ஒரு ஆள் ஒரு வாக்கியத்தில் பட்டவனாகவும் அடுத்த வாக்கியத்தில் படுத்தியவனாகவும் இருக்க முடியும் என்பதைச் சான்றிதழின் இலக்கணம் சொல்வதில்லை.

இனி நன்னூல். தகுதி வழக்கு என்று நன்னூலார் மூன்றைச் சொல்கிறார்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. சபையில் சொல்லக் கூசுவதை வேறு சொல்லால் மறைப்பது இடக்கரடக்கல். மங்கலமில்லாததை மங்கலமாகச் சொல்வது மங்கலம். செத்தாரைத் துஞ்சினார் என்பதும், கறுப்பு ஆட்டை வெள்ளாடு என்பதும் பாடப்புத்தக உதாரணங்கள். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் புரியும்படி வைத்துக்கொள்வது குழூஉக்குறி. தீண்டாமையைச் சுற்றி நாம் உருவாக்கிய சொற்கள் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.

'ஹரிஜன்' மங்கலம். காந்தி 1933 பிப்ரவரியில் அந்தப் பெயரிலேயே வாரப் பத்திரிகை தொடங்கினார். கடவுளின் மக்கள் என்ற பெயருக்கு யாரால் ஆட்சேபணை சொல்ல முடியும்? பெயரைச் சுமக்க வேண்டியவர்கள் சொன்னார்கள். 1938இல் பம்பாய் சட்டசபையில் ஒரு மசோதாவில் அந்தச் சொல் வந்தபோது அம்பேத்கரும் அவர் கட்சியினரும் எதிர்த்து வெளிநடப்புச் செய்தார்கள். வெள்ளாடு என்று கூப்பிட்டதால் ஆட்டின் நிறம் மாறுவதில்லை. கூப்பிடுகிறவனுக்கு மனது லேசாகிறது, அவ்வளவுதான். சாதிச் சான்றிதழில் 'ஹரிஜன்' என்று எழுத வேண்டாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் சொல்ல 1982 வரை ஆனது.

'காலனி' இடக்கரடக்கல். 'சேரி' என்று வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டவர்களுக்கு, அரசு கட்டிக்கொடுத்த வீட்டு வரிசையின் பெயர் கைகொடுத்தது. நகரத்தில் பேங்க் ஊழியர் காலனி என்றால் மதிப்பு. கிராமத்தில் 'காலனிக்காரங்க' என்றால் அர்த்தம் வேறு. இடக்கரடக்கலுக்கு ஆயுசு குறைவு. மறைக்க வந்த சொல்லில் மறைக்க வேண்டிய விஷயம் கொஞ்ச நாளில் ஊறிவிடும். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் சிவப்பு மையில் அடிபட்ட என் முதல் வாக்கியத்திலும் 'எங்கள் ஊர்க் காலனி' என்றுதானே இருந்தது? நெறியாளர் 'நான்' என்பதை அடித்தார். 'காலனி' என்பதில் அவர் கை வைக்கவில்லை. எனக்கும் அது தப்பாகத் தெரியவில்லை.

குழூஉக்குறிக்கு உதாரணம் வேண்டுமென்றால் டீக்கடைக்குப் போனால் போதும். 'தம்பி எந்தப் பக்கம்?', 'நம்ம ஆளுதானா?', 'அவுக தெக்குத் தெருவு.' சாதிப் பெயர் ஒன்றுகூட உச்சரிக்கப்படவில்லை, எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது.

4

இதுவரை பார்த்தவை அடுத்தவர் வைத்த பெயர்கள். தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்வது வேறு காரியம். அதில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இரண்டு பாதைகள் பிரிந்துவிட்டன. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். வசைச்சொல்லாக எறியப்பட்டதைக் கையில் பிடித்து முகவரியாக்குவது அவர் வழி. அயோத்திதாசர் இந்தப் பெயரை ஏற்கவில்லை. அவர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்றார், 'பூர்வ பௌத்தர்' என்றார். எதிராளிக்கு 'வேஷ பிராமணர்' என்று பெயர் வைத்தார். 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையில் சொற்களுக்கு அவர் தந்த விளக்கங்கள் பலவற்றை மொழியியல் படித்தவர்கள் ஏற்க மாட்டார்கள். ஆனால் அவற்றைச் சொற்பிறப்பியலாக மட்டும் வாசித்தால் அவர் செய்த காரியத்தைத் தவறவிடுவோம். அதுவரை வரலாற்று வாக்கியத்தில் இரண்டாம் வேற்றுமையாகவும் நான்காம் வேற்றுமையாகவும் இருந்த ஒரு மக்களை எழுவாய் இடத்துக்கு அவர் கொண்டுவந்தார். இந்த நாட்டில் அறம் போதித்தவர்கள், மருத்துவம் பார்த்தவர்கள், இலக்கணம் காத்தவர்கள் நாங்கள். எங்களைத் தாழ்த்தியது இன்னார் என்று முழு வாக்கியமாக எழுதினார். அந்த வாக்கியங்கள் 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளிவரும்வரை நம் தமிழ்த்துறைகளின் காதில் பெரிதாக விழவே இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அரசாங்கம் வைத்த பெயர்களின் கதை இன்னொன்று. 1922இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை மாகாண அரசு 'பறையர்', 'பஞ்சமர்' என்பவற்றுக்குப் பதிலாகத் தமிழ்ப் பகுதியில் 'ஆதி திராவிடர்' என்றும் தெலுங்குப் பகுதியில் 'ஆதி ஆந்திரர்' என்றும் எழுத உத்தரவிட்டது. கேட்டு வாங்கிய பெயர் அது. 1931 சென்ஸஸில் ஹட்டன் 'எக்ஸ்டீரியர் காஸ்ட்ஸ்' என்று எழுதினார். புறத்தே இருக்கும் சாதிகள். எதற்குப் புறத்தே என்ற கேள்வி அதில் இல்லை. 1935 சட்டத்துக்குப் பிறகு 'ஷெட்யூல்டு காஸ்ட்'. தமிழில் 'பட்டியல் சாதி'. ஒரு சட்டத்தின் பின்னிணைப்பில் இருக்கும் பட்டியலே ஒரு மக்கள் திரளின் பெயராகிவிட்டது. உலகத்தில் இதைவிட உணர்ச்சியில்லாத பெயர் இருக்க முடியாது. ஆனாலும் இந்தப் பெயரில்தான் படிப்பு கிடைத்தது, வேலை கிடைத்தது. அதைக் கேலி செய்யும் உரிமை எனக்கு இல்லை. அதே பட்டியலிலேயே பெயருக்கான போராட்டமும் நடக்கிறது. 2021இல் ஏழு பெயர்களைச் சேர்த்துத் 'தேவேந்திரகுல வேளாளர்' என்று அழைக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. பட்டியலைவிட்டே வெளியேற வேண்டும் என்ற குரலும் அதே மக்களிடையே இருக்கிறது.

'தலித்' என்ற சொல் என் வாதத்துக்கே ஒரு சிக்கல் தருகிறது. இலக்கணப்படி அதுவும் செயப்பாட்டுதான். நொறுக்கப்பட்ட, சிதைக்கப்பட்ட என்பது பொருள். ஆனால் 1972இல் பம்பாயில் 'தலித் பேந்தர்ஸ்' தொடங்கியபோது அந்த எச்சத்தின் பக்கத்தில் சிறுத்தை வந்து நின்றது. தமிழில் 1990களில் அந்தச் சொல் பரவியபோது 'தலித்துகள் எழுதுகிறார்கள்', 'தலித்துகள் கேட்கிறார்கள்' என்று எழுவாயாகவே பழகியது. ஆக, செயப்பாட்டு வினை என்றாலே அடிமைத்தனம், செய்வினை என்றாலே விடுதலை என்று சூத்திரம் போட முடியாது. அந்தச் சொல்லை யார் வாயில் வைத்துச் சொல்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அர்த்தம். 2018இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் தொலைக்காட்சிகளுக்கு 'தலித்' என்ற சொல்லைத் தவிர்த்து ஷெட்யூல்டு காஸ்ட் என்று சொல்லும்படி ஆலோசனை கூறியது. தாங்களே எடுத்துக்கொண்ட பெயர் அரசுக்கு உறுத்துகிறது, பட்டியல் தந்த பெயர் உறுத்தவில்லை.

அதே 1990களில் விடுதலைச் சிறுத்தைகள் எழுப்பிய 'அடங்க மறு' என்ற முழக்கத்தையும் இப்படி வாசிக்கலாம். 'எங்களை அடக்காதே' என்றிருந்தால் அது ஆதிக்கம் செய்கிறவனைப் பார்த்துப் பேசுவது. முன்னிலை அவனாகிவிடுகிறான், மனு கொடுப்பதுபோல. 'அடங்க மறு' தன் ஆட்களைப் பார்த்துப் பேசுகிறது. அடக்குகிறவன் அந்த உரையாடலிலேயே இல்லை. 'ஏய்' என்று போலீஸ்காரன் கூப்பிட்டதும் திரும்பிப் பார்ப்பவன் அந்தத் திரும்பலிலேயே அதிகாரத்தின் குடிமகனாகிவிடுகிறான் என்று அல்தூஸர் 1970இல் எழுதினார். இந்த முழக்கம் திரும்பிப் பார்க்காதே என்கிறது.

5

சரி, பெயரை விடுங்கள், சம்பவங்களுக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். இப்படி எழுதினால் அது தீ விபத்து. எரிக்கப்பட்டார்கள் என்றால் கொலை, ஆனால் கொலைகாரன் இல்லை. நிலவுடைமையாளர்களும் அவர்களுடைய ஆட்களும் எரித்தார்கள் என்றால்தான் வாக்கியம் முழுமை பெறுகிறது. கீழ்க்கோர்ட்டில் தண்டனை பெற்ற நிலவுடைமையாளர்கள் மேல்முறையீட்டில் விடுதலையானார்கள். சட்டத்தின் கணக்கில் அந்த வாக்கியம் எழுவாய் இல்லாமலேயே முடிந்துபோனது. எரிந்தவர்களை என்ன பெயரால் நினைவுகூர்வது என்பதிலும் வழக்கு தீரவில்லை. விவசாயக் கூலிகள் என்றால் கூலிப் போராட்டம் தெரிகிறது, சாதி மறைகிறது. தலித்துகள் என்று மட்டும் சொன்னால் செங்கொடி மறைகிறது. இரண்டில் எதையும் மறைக்காத வாக்கியத்தை எழுத நமக்கு நெடுநாளாயிற்று.

1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தின் மேல் தடியடி நடந்தது, 17 பேர் செத்தார்கள். 'தாமிரபரணியில் மூழ்கி இறந்தார்கள்' என்ற வாக்கியத்தில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். மூழ்குவது தன்வினை. ஆற்றுக்குள் ஏன் இறங்கினார்கள், பின்னால் தடியோடு வந்தது யார் என்பதைச் சொல்ல அந்த வினைச்சொல்லால் முடியாது.

தினசரியைப் புரட்டினால் இதன் சிறிய வடிவங்கள் தினமும் கிடைக்கும். 'இரு தரப்பினரிடையே மோதல்.' அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே உருபில் கட்டிப்போட்டுச் சமன்செய்யும் வாக்கியம் இது. இதன் பலன் காகிதத்தோடு முடிவதில்லை. புகார் 'மோதல்' என்று பதிவானால் ஒரு சட்டம், வன்கொடுமை என்று பதிவானால் வேறு சட்டம். ஒரு புகார் வந்த சூட்டோடு எதிர்ப்புகார் ஒன்றும் வருவது இந்த இலக்கணத்தைத் தெரிந்துகொண்டுதான்.

நல்ல திசையில் நடந்த மாற்றமும் உண்டு. சாதி மாறிக் காதலித்தவர்களைப் பெற்றவர்களும் உறவினர்களும் கொல்வதை நாம் முன்பு 'கௌரவக் கொலை' என்று எழுதினோம். இப்போது 'ஆணவக் கொலை' என்கிறோம். கௌரவம் என்றபோது கொன்றவனின் நியாயத்தையே நாமும் ஒப்பித்துக்கொண்டிருந்தோம். ஆணவம் என்றதும் அந்த ஆணவம் யாருக்கு என்ற கேள்வி வந்துவிட்டது.

சட்டத்திலும் இந்த வேற்றுமை உண்டு. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமை ஒழிக்கப்படுவதாகச் சொல்கிறது. மகத்தான வாக்கியம், ஆனால் செயப்பாட்டு வினை. தீண்டாமையைக் கடைப்பிடிப்பவர் அதில் இல்லை. 1955 சட்டத்தில் 'யாரேனும் ஒருவர்' வந்தார், அவருக்கு முகம் இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாவது பிரிவில்தான் 'பட்டியல் சாதியையோ பட்டியல் பழங்குடியையோ சாராத எவரேனும்' என்று எழுவாய் அடையாளத்தோடு வருகிறது. இத்தனை காலம் பெயர், பட்டியல், சான்றிதழ் எல்லாம் ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருந்தன; மறுபக்கம் 'பொது', 'ஊர்'. இந்தச் சட்டத்தில்தான் மறுபக்கமும் 'சாராதவர்' என்ற குறியைச் சுமக்கிறது. அந்தச் சட்டத்தின் மேல் இருக்கும் கோபத்தில் ஒரு பகுதி தண்டனையைப் பற்றியது. இன்னொரு பகுதி, தன்னை எழுவாயாக எழுதிவிட்டார்களே என்பது என்று எனக்குப் படுகிறது.

'வார்த்தைய மாத்துனா வயக்காடு மாறுமா?' என்று ஒரு தோழர் கேட்டார். மாறாது. 1922 உத்தரவு யாருக்கும் கால் ஏக்கர் நிலம் தரவில்லை. வாக்கியத்தைத் திருத்துவது போராட்டத்துக்கு மாற்றில்லை. ஆனால் பட்டா ஒரு வாக்கியம். எஃப்.ஐ.ஆர். ஒரு வாக்கியம். தீர்ப்பு ஒரு வாக்கியம். வயலுக்குப் போகும் வழியில் இத்தனை வாக்கியங்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது.

6

கடைசியாக, நம் வீட்டுக்குள் இருக்கும் பிரச்சினை. ஆய்வுமொழி 'அறியப்படுகிறது', 'கருதப்படுகிறது', 'காணப்படுகிறது' என்றே பேசுகிறது. யார் அறிந்தார், எந்தத் தெருவில் நின்று கண்டார் என்பதற்கு இடமில்லை. இதற்குப் புறவயத்தன்மை என்று பெயர். ஊர்த் தெருக்காரன் ஒருவன் நோட்டோடு வந்து நின்றதால்தான் பாட்டி சில பாட்டுகளைப் பாடினார், அதனாலேயே சில பாட்டுகளைப் பாடாமல் விட்டிருப்பார். எங்கள் தெருவைத் திட்டும் ஒப்பாரி அவரிடம் இல்லாமலா இருந்திருக்கும்? 'ஆய்வாளரால் சேகரிக்கப்பட்டன' என்ற வாக்கியம் இந்தக் கேள்வியைக் கேட்கவிடாமல் அடைத்துவிட்டது. 'நான்' என்று எழுதியிருந்தால் இந்த 'நான்' யார் என்று யாராவது கேட்டிருக்க முடியும். சரிபார்க்க இடம் தராத வாக்கியத்தைப் புறவயமானது என்று அழைப்பது எப்படி நியாயம்?

கல்வித்துறையை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. இம்மாதிரிச் சிறுபத்திரிகைகளில் நாம் முப்பது வருஷமாக எழுதும் கோட்பாட்டுத் தமிழைப் பாருங்கள். 'அடையாளங்கள் கட்டமைக்கப்படுகின்றன.' 'தன்னிலைகள் உற்பத்தி செய்யப்படுகின்றன.' 'விளிம்புகள் மௌனமாக்கப்படுகின்றன.' கட்டமைப்பது யார்? சொல்லாடல். அதிகாரம். அதிகாரம் எங்கும் பரவியிருக்கிறது என்று ஃபூக்கோ சொன்னதை, அதிகாரத்துக்கு முகவரியே இல்லை என்று நாம் வசதியாக மொழிபெயர்த்துக்கொண்டோம். சாதிக்கு முகவரி இருக்கிறது. தெருப் பெயர், கிணறு, சுடுகாட்டுப் பாதை எல்லாம் இருக்கிறது. அதைப் பற்றி எழுதும்போது எழுவாயைத் தொலைத்த ஒரு வாக்கியம், எவ்வளவு கலகமாகத் தோன்றினாலும், தினசரியின் 'இரு தரப்பினரிடையே மோதல்' என்பதற்குத் தம்பிதான். இந்தக் கட்டுரையிலேயே அப்படி எத்தனை வாக்கியம் என்று வாசகர் எண்ணிப் பார்க்கலாம். நான் எண்ணித் திருத்தியதற்குப் பிறகும் சில மிஞ்சியிருக்கின்றன.

அரசியலுக்கும் இதே வியாதி. 'பயனாளிகளுக்கு வழங்கப்பட்டது.' நான்காம் வேற்றுமைக்குப் பல பொருள் உண்டு. நன்னூலார் அவற்றில் முதலாவதாகச் சொல்வது கொடை. நலத்துறைகளின் மொழி முழுக்க இந்த 'கு' உருபில் நிற்கிறது. உரிமையாக வாங்கியவர் கொடை பெற்றவராகிவிடுகிறார், கொடுத்தவர் படத்தில் சிரிக்கிறார்.

7

பாட்டியின் கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். 'ஆமா, நீங்கதான் பாடினீங்க. நான் எழுதினேன். எங்க தெருக்காரன்கிறதால உங்களால எல்லாத்தையும் பாட முடியல. அதையும் எழுதியிருக்கணும், எழுதல.' இதைச் சொல்லப் போவதற்குள் அவர் இறந்துவிட்டார். சாவுக்குப் போயிருந்தேன். அவர் எனக்குப் பாடிக் காட்டிய ஒப்பாரிகளில் இரண்டை அவர் மகள் பாடினாள், ஒன்றில் நான்கு அடிகள் அதிகமாக இருந்தன. என் ஆய்வேட்டில் அந்த அடிகள் இல்லை.

அவர் பெயரை இங்கேயாவது எழுத வேண்டும் என்றுதான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். ஆனால் எழுதலாமா என்று அவரிடம் நான் கேட்டதில்லை, இனிக் கேட்கவும் முடியாது. பேரனிடம் கேட்டேன். இப்போது அவன் திருப்பூரில் வேலை பார்க்கிறான். 'பேரு போடுறது இருக்கட்டுண்ணே. மொத அந்தப் பழைய புஸ்தகத்துல அந்த ஏழாம் நம்பர எடுங்க' என்றான். கல்லூரி நூலகத்தில் இருக்கும் பிரதியை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்கப் போகிறேன்.